சாமி படம் ஒட்டிய சுவர்

காலையில் பால் பாக்கெட் வந்ததும் ராமாமிர்தம் காபி டம்ளரோடு மாடி பால்கனிக்குப் போய்விடுவார். முன்பெல்லாம் பேப்பர் படிக்கப் போனார். இப்போது பேப்பர் மடித்தது மடித்தபடியே கிடக்கிறது. அவருடைய கண் எதிர்வீட்டு கேட்டை விட்டு நகருவதில்லை.

எதிர்வீட்டில் குடியிருப்பது பிரிசில்லா டீச்சர். அரசுப் பள்ளியில் கணக்கு எடுக்கிறார். கணவருக்குத் திருப்பூரில் வேலை, மாதத்துக்கு ஒரு முறை வந்து போவார். ஒரே மகள் எழிலரசி பிளஸ் டூ. ஆனி மாதக் கடைசியில்தான் இந்த வீட்டுக்கு வாடகைக்கு வந்தார்கள். அதற்கு முன் அவர்கள் எத்தனை வீட்டு வாசலில் நின்றார்கள், என்னென்ன கேள்விகளுக்குப் பதில் சொன்னார்கள் என்பதெல்லாம் ராமாமிர்தத்துக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவர் முயலவும் இல்லை.

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில், ஊர் முடிகிற இடத்தில் இருக்கிறது செம்பருத்தி நகர். நகர் என்று பெயர்தான் பெரிது. மூன்றே தெரு, ஒரு பிள்ளையார் கோயில், நலச்சங்கம் ஒன்று, அதற்கு ஒரு வாட்ஸ்அப் குரூப். சங்கச் செயலாளர் ராமாமிர்தம். தாலுகா ஆபீஸில் கண்காணிப்பாளராக இருந்து ரிடையர் ஆனவர். ஆபீஸை விட்டு அவர் வந்துவிட்டாரே தவிர, ஆபீஸ் அவரை விடவில்லை. தெருவில் எது நடந்தாலும் விசாரணை, சாட்சி, நடவடிக்கை என்றுதான் பேசுவார்.

அவருக்குத் தீராத தலைவலியாக இருந்தது தெரு முனையிலுள்ள காலி மனை. சொந்தக்காரர் வெளிநாட்டில். சுற்றுச்சுவரை ஒட்டி யார் யாரோ குப்பை கொட்டிக்கொண்டிருந்தார்கள். போர்டு வைத்துப் பார்த்தார், சத்தம் போட்டுப் பார்த்தார், பலிக்கவில்லை. கடைசியில் எல்லாரும் செய்வதைச் செய்தார். பிள்ளையார், முருகன், அம்மன் படம் போட்ட டைல்ஸ் வாங்கிவந்து சுவரில் வரிசையாக ஒட்டினார். கடைக்காரர், "மூணு மதத்து சாமியும் சேர்ந்தாப்ல இருக்கு சார், அத எடுத்துக்குங்க" என்று சொன்னார். "எங்க தெருவுக்கு அதெல்லாம் தேவைப்படாதுப்பா" என்று சொல்லிவிட்டார் இவர். சித்திரையில் ஒட்டினது. குப்பை நின்றது. சங்கக் கூட்டத்தில் அவருக்குப் பொன்னாடை கூடப் போர்த்தினார்கள்.

ஆடி பிறந்ததும் மறுபடி ஆரம்பித்தது. இந்த முறை வாயை இறுக்கிக் கட்டிய கறுப்பு கேரி பைகள். ஒன்று இரண்டாக, சுவர் ஓரமாக, அடுக்கி வைத்ததுபோல் வந்து உட்கார்ந்தன. ஆவணி, புரட்டாசி என்று மாதம் ஏற ஏறப் பைகளும் ஏறின. ஐப்பசி மழையில் ஊறி நாற்றம் குடலைப் பிடுங்கியது. கொசுவோ சொல்லி மாளாது. தெருவில் இரண்டு வீட்டில் காய்ச்சல் வந்தது.

நாற்றத்துக்குப் பயந்து பைகளைக் கிட்டப் போய்ப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. ராமாமிர்தத்துக்குப் பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. அவர் கணக்கு நேரானது. சாமி படத்துக்கு முன்னால் குப்பை போட நம்ம ஜனங்களுக்கு மனசு வராது. அப்படியானால் போடுகிறவர் இந்தச் சாமிக்குப் பயப்படாத ஆள். தெருவில் அப்படி ஒரே ஒரு வீடுதான். அவர்கள் வந்ததும் ஆனியில், பை வந்ததும் ஆடியில். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

அவர் வீட்டுக்குப் பக்கத்து வீட்டு ஸ்ரீதர் எண்ணெய் ஊற்றினான்.

"மாமா, ஞாயித்துக்கெழம ஆனா அவுங்க வீட்டுல மீனு, கறி. அந்த நாத்தம்தான் இது. வேற யாரு?"

"நானும் அதத்தான் பாக்கறேன். ஆனா அந்தம்மா தெனம் காலைல மக்குற குப்ப தனி, மக்காத குப்ப தனின்னு பிரிச்சு வண்டியில குடுக்குதே."

"அது நம்ம கண்ணுக்குக் காட்டறதுக்கு மாமா."

காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். டீச்சர் ஒழுங்காகக் குப்பை கொடுத்தால் அது நடிப்பு. ஸ்கூட்டியில் பை மாட்டிக்கொண்டு போனால் அதில் குப்பை. பை இல்லாமல் போனால், ஏற்கெனவே போட்டாயிற்று என்று அர்த்தம். கோலம் போடும் பெண்களைப் பார்த்து அவர் சிரித்தால் அது சமாளிப்பு, சிரிக்காவிட்டால் திமிர். பாவம், அந்த அம்மாள் எந்தப் பக்கம் திரும்பினாலும் ராமாமிர்தத்திடம் ஒரு குற்றம் தயாராக இருந்தது.

குரூப்பில் ராமாமிர்தம் யார் பெயரையும் போடவில்லை. "புதிதாக வந்தவர்கள் தெருவின் பழக்கவழக்கத்தைத் தெரிந்து நடந்துகொள்ள வேண்டும்" என்று மட்டும் போட்டார். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தது. கீழே கைகூப்பும் படங்கள் வரிசையாக விழுந்தன. பிரிசில்லாவும் அந்தக் குரூப்பில் இருந்தார். அவர் ஒன்றும் எழுதவில்லை. அதையும் ராமாமிர்தம் ஒப்புதல் என்றே எடுத்துக்கொண்டார்.

அந்த வார வெள்ளிக்கிழமை பஸ் ஏறிச் சிதம்பரம் போனார். எதிர்வீட்டின் சொந்தக்காரர் தில்லைநாதன் அங்கே மேலவீதிக்குப் பக்கத்தில் இருக்கிறார். இருவரும் ஒரே ஆபீஸில் வேலை பார்த்தவர்கள்.

"ஒன் வீட்டு ஆளுங்களால தெருவே நாறுது தில்லைநாதா. காய்ச்சல் வேற. விசாரிச்சுத்தான் விட்டியா?"

"டீச்சரம்மான்னாங்க. கவர்மெண்ட் வேலன்னாங்க. வாடகையும் கரெக்டா வருது."

"ஊரு எதுன்னு கேட்டியா? ஊர்ல எந்தப் பக்கம்னு கேட்டியா?"

தில்லைநாதன் நிமிர்ந்து பார்த்தார். அதற்கு மேல் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நம் ஊரில் அந்தக் கேள்வியை முழுதாகக் கேட்கவே வேண்டாம், பாதியிலேயே புரிந்துவிடும். காபி வந்தது, குடித்தார்கள். "சரி, மாசக் கடைசியோட காலி பண்ணச் சொல்லிடறேன்" என்றார் தில்லைநாதன்.

போன் அன்று சாயங்காலமே போய்விட்டது. மறுநாள் பிரிசில்லா ராமாமிர்தத்தின் வீட்டுக்கு வந்தார். ஹாலில் நாற்காலிகள் இருந்தன. உட்காருங்கள் என்று அவர் சொல்லவில்லை.

"சார், நீங்க சொல்லித்தான் ஓனர் பேசறாருன்னு தெரியும். பொண்ணுக்கு மார்ச்ல பரீட்ச. டாக்டருக்குப் படிக்கணும்னு ராப்பகலா கெடக்குறா. இப்ப வீட்ட விட்டா எங்க போறது? இந்த வீடு கெடைக்கறதுக்கே நாங்க பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்."

"அதெல்லாம் குப்ப போடறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்மா."

"நாங்க போடல சார்."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவாங்க. இந்தத் தெருவுல ஒவ்வொரு வீடா கேட்டாச்சு. எங்க வீட்டுலயே கேட்டேன். யாரும் போடல. அப்ப பை என்ன நடந்தா வந்துச்சு?"

சமையலறை வாசலில் அவர் மனைவி மாலதி நின்றிருந்தார். பிரிசில்லா அழுதுவிடுவார் என்று ராமாமிர்தம் எதிர்பார்த்தார். அவர் அழவில்லை.

"அப்பன்னா பையப் பிரிச்சுப் பாருங்க சார். நாளைக்கு ஞாயித்துக்கெழம, எல்லாரும் வீட்டுல இருப்பாங்க. ஓனரையும் வரச் சொல்லுங்க. அதுல ஒரு பொருள், ஒரே ஒரு பொருள் எங்க வீட்டுதுன்னு இருந்தா நான் அன்னிக்கே போயிடறேன். இல்லன்னா நாங்க இங்கதான் இருப்போம்."

ராமாமிர்தம் உடனே ஒப்புக்கொண்டார். ஒருவேளை இல்லாவிட்டால் என்ற நினைப்பு அவருக்கு வரவே இல்லை.

ஞாயிறு காலை மழை விட்டிருந்தது. தில்லைநாதன் முதல் பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார். தெருவே சுவர் முன்னால் கூடியது. மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு ஸ்ரீதர் ஒரு கம்பியோடு நின்றான். பிரிசில்லா எதிரே நின்றார். எழிலரசி வீட்டு ஜன்னலில் புத்தகத்தோடு நின்றாள். பக்கம் திருப்பாமல் வெகுநேரமாக அப்படியே நின்றாள்.

முதல் பையைக் கம்பி கிழித்தது. மீன் செதிலும் இல்லை, எலும்பும் இல்லை. அழுகிக் கறுத்த சாமந்தி மாலைகள். உடைத்த தேங்காய் மூடிகள், அவற்றில் நின்ற மழைத் தண்ணீரில் நெளியும் புழுக்கள். ஊதுவத்திக் குச்சி, காய்ந்த துளசி, எலுமிச்சம்பழம்.

கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது.

"அடுத்தது" என்றார் ராமாமிர்தம். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

இரண்டாவது பையில் வரலட்சுமி பூஜைக்கு வைத்த வாழைக்கன்று, திருஷ்டிப் பூசணி, கண்ணாடி விரிசல் விட்ட லட்சுமி படம். படத்தைப் பார்த்ததும் ஸ்ரீதர் கம்பியைக் கீழே வைத்துவிட்டான். அது அவன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு வந்த படம். கீழே அவன் பெயர் கூட இருந்தது.

மூன்றாவது பையை ராமாமிர்தமே பிரித்தார். ஏலக்காய் மாலை ஒன்று, சரிகை கறுத்து, ஈரத்தில் ஊதிப்போய்க் கிடந்தது. அவருடைய அறுபதாம் கல்யாணத்தன்று அவர் கழுத்தில் போட்ட மாலை. பூஜை அறையில் ஒரு வருஷம் தொங்கியது. எப்போது அது அங்கிருந்து போனது என்று அவர் கவனித்ததில்லை.

"மாலதி" என்றார். கோபமா பயமா என்று தெரியாத குரல்.

மாலதி முன்னால் வந்தார். "நான்தாங்க வச்சேன். எல்லாரும்தான் வச்சாங்க. முன்ன நீங்க கெடிலம் ஆத்துல கொண்டுபோய் விட்டுட்டு வருவீங்க. முட்டி வலி வந்ததுலேருந்து போறதில்ல. பூஜ சாமான குப்ப வண்டில மீன் கழிவோட கலந்து போட முடியுமா? பாவமில்லியா? இங்கதான் சாமி இருக்குதேன்னு காலைல கோயிலுக்குப் போறப்ப வச்சுட்டுப் போவேன். ஆடி வந்தாதான் பூஜையும் ஜாஸ்தி, கழிவும் ஜாஸ்தி."

"நான் கேட்டப்ப போடலன்னு சொன்னியே."

"குப்ப போட்டியான்னு கேட்டீங்க. நான் குப்ப போடலயே. இதப் போயி குப்பன்னு நெனைக்கத் தோணலீங்க. அந்தப் பைங்க வேற, இது வேறன்னே நெனச்சுட்டேன்."

தெருவிலிருந்த பெண்கள் யாரும் நிமிரவில்லை. ஒருத்தியும் பொய் சொல்லியிருக்கவில்லை, ஆனால் எல்லாரும் போட்டிருந்தார்கள். குப்பையை விரட்ட ஒட்டிய சாமி படமே குப்பைக்கு இடம் காட்டிவிட்டது. தினமும் பால்கனியில் உட்கார்ந்து காவல் காத்தவர் தன் வீட்டு வாசலிலிருந்து மாலதி கூடையோடும் பையோடும் இறங்கிப் போனதை எத்தனையோ நாள் பார்த்திருந்தார். பார்த்தும் அவர் கண்ணில் அது படவில்லை. அவர் தேடியது வேறு ஆளை.

தில்லைநாதனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "டீச்சர், நீங்க இருங்க. எவ்ளோ நாள் வேணுமோ இருங்க. நானும் யோசிக்காம பேசிட்டேன்" என்றார்.

"இருக்கத்தான் போறோம் சார்" என்றார் பிரிசில்லா. பிறகு ராமாமிர்தத்தின் பக்கம் திரும்பினார். "ஒன்னே ஒன்னு கேக்கறேன். இத்தன வீடு இருக்குல்ல. எங்க வீட்ட மட்டும் ஏன் பாத்தீங்க?"

புதுசாக வந்தவர்கள் என்பதால் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் கையில் அந்த ஈர மாலை கனத்தது. இந்தப் பெண்ணையும் பரீட்சைக்குப் படிக்கிற ஒரு குழந்தையையும் மாசக் கடைசியில் தெருவில் நிறுத்தப் பார்த்தோமே என்று நினைக்கையில் நெஞ்சு கூசியது. அறுபத்திரண்டு வயதில் முதல் முறையாக அவருக்குத் தன்னைப் பார்த்தே அருவருப்பு வந்தது.

"பொண்ணக் கூப்பிடுங்கம்மா. அதுவும் கேக்கட்டும்" என்றார்.

எழிலரசி வந்து அம்மாவின் பக்கத்தில் நின்றாள். ராமாமிர்தம் அவளைப் பார்த்தே பேசினார். தெரு முழுக்கக் கேட்டது.

"ஒங்கம்மா மேல ஒரு தப்பும் இல்லம்மா. போட்டது எங்க வீடு. சாமிக்குப் பயப்படாதவங்கதான் போட்டிருப்பாங்கன்னு காரணம் சொன்னேன். அது கூட நெசமில்ல. நீங்க யாருன்னு தெரிஞ்ச அன்னிக்கே நீங்கதான்னு முடிவு பண்ணிட்டேன். குத்தத்த அப்பறமா தேடினேன். மொதல்ல ஆள முடிவு பண்ணிட்டு அப்பறம் குத்தத்தத் தேடினா, இந்த ஒலகத்துல எவனும் தப்பிக்க முடியாது. நாப்பது வருஷம் விசாரண பண்ணவன் நான், எனக்கே அது ஒறைக்கல. அது குப்பையவிட மோசமான அழுக்கு. இனிமே யாரும் ஒருத்தரோட ஊர, தெருவ, சாமியக் கேட்டு சந்தேகப்படாதீங்க. மொதல்ல ஒங்க கையில இருக்கற பையப் பாருங்க. என்னை மன்னிச்சுடும்மா."

அந்தப் பெண் என்ன சொல்லப் போகிறாள் என்று எல்லாரும் பார்த்தார்கள்.

எழிலரசி அவரை நேராகப் பார்த்தாள். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மன்னிக்கவில்லை என்றும் சொல்லவில்லை.

"சரிங்க சார். இத குரூப்லயும் போடுங்க. நான் படிக்கப் போறேன்" என்றாள்.