ஆன் ஆகாத சிந்தசைசர்

அந்தத் தெருவில் எல்லோருக்கும் அவள் மெக்கானிக் அக்கா. ஆம்ப்ளிஃபயர், கீபோர்டு, மைக் என்று சத்தம் போடுகிற எந்தச் சாமான் வாயடைத்துப் போனாலும் அவள் மேஜைக்குத்தான் வரும். அச்சகத்துக்கு மேலே ஒற்றை அறை. கீழே மெஷின் ஓடும்போதெல்லாம் மேஜையில் திருகாணிகள் நடுங்கும். ஊருக்கே அக்கா என்றாலும் கூடப் பிறந்த தம்பி ஒருவன்தான். அவன் கிட்டார் வாசிக்கிறவன். எட்டு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து அவனுக்கு இடது கை விழுந்துவிட்டது. கொஞ்சம் தேறியிருந்தது, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலை தம்பி மனைவி துணிப்பையோடு படியேறி வந்தாள். கண் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிற வேலை, சீருடையிலேயே வந்திருந்தாள். பையிலிருந்து அவள் எடுத்து வைத்தது தம்பியின் சிந்தசைசர். காலடியில் வைத்து மிதித்து வாசிக்கிற தட்டையான இரும்புப் பெட்டி. கிட்டார் தந்திகளின் அதிர்வைத் தனித்தனியாகப் பிடித்துப் புல்லாங்குழலாகவோ வயலினாகவோ மாற்றிக் கொடுக்கும். அது இருந்ததால்தான் ஹோட்டலில் தம்பி, டிரம்மர், இன்னொருவர் என்று மூன்றே பேர் ஏழு பேர் கச்சேரியை ஒப்பேற்றினார்கள்.

"அண்ணி, மறுபடியும் லைட் எரியல."

"போன வாரம்தானே சரி பண்ணிக் கொடுத்தேன்?"

"ஸ்விட்ச் போட்டா மூச்சே விடல. சனிக்கிழமை மத்தியானம் டிரம்மர் அண்ணன் வீட்டுக்கு வராரு. ஒரு தடவை சேர்ந்து வாசிச்சுப் பார்த்துட்டா ஹோட்டல்ல பேசுறேன்னு சொல்லியிருக்காரு. இவரும் மெஷின் மட்டும் ஆன் ஆகட்டும், அப்புறம் பாருன்னு சொல்லிட்டே இருக்காரு."

இது மூன்றாம் தடவை. முதலில் ஃப்யூஸ் போயிருந்தது. பழைய சாமான், போகும்தான். அடுத்த தடவை யாரோ வேறு அடாப்டரை மாற்றிச் சொருகி, உள்ளே காவலுக்கு இருந்த டையோடு கருகியிருந்தது. கவனக்குறைவு என்று நினைத்து அதையும் மாற்றிக் கொடுத்தாள்.

தம்பி மனைவி வேலைக்குப் போனதும் அக்கா உட்கார்ந்தாள். அடாப்டரில் மீட்டரை வைத்தாள். ஒன்பது வோல்ட் ஒழுங்காக வந்தது. சொருகுகிற இடத்தில் ஆட்டம் இல்லை. அடிமூடியைக் கழற்றப் பெட்டியைக் கவிழ்த்தபோது கை நின்றது. சரி செய்த சாமானின் ஓரத் திருகாணியில் ஒரு பொட்டு நகப்பூச்சு வைப்பது அவள் வழக்கம். வேறு யாராவது திறந்தால் தெரிந்துவிடும். பூச்சு பெயர்ந்திருந்தது. உள்ளே, கரண்ட் கொண்டுபோகிற இரண்டு ஒயர்களும் துண்டாகிக் கிடந்தன. தானாக அறுந்ததாகத் தெரியவில்லை. வெட்டிய இடம் லேசாக வளைந்திருந்தது. நகவெட்டியால்தான் அப்படி வெட்டமுடியும்.

பழக்கதோஷத்தில் கை தானாகவே பற்றவைத்து முடித்தது. ஸ்விட்சைப் போட்டாள். பச்சை விளக்கு எரிந்தது. சட்டென்று அணைத்து, பெட்டியை அலமாரியில் வைத்துவிட்டுத் தம்பி வீட்டுக்கு நடந்தாள்.

தம்பி ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தான். மடியில் பயிற்சிக்கான ரப்பர் பந்து. அவள் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"ஒத்தைக் கையால திருகாணி கழட்ட முக்கால் மணி நேரம் ஆச்சுக்கா," என்றான்.

"ஏன்டா?"

"ஆன் ஆச்சுன்னா வாசிக்கணுமே."

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். அவன் இடது கையைத் தூக்கிக் காட்டினான். ஆட்காட்டி விரலும் நடுவிரலும் மடங்கின. மற்ற இரண்டும் எனக்கென்ன என்று இருந்தன.

"ஃப்யூஸ் மாத்திக் கொடுத்தியே, அன்னிக்கே வாசிச்சுப் பார்த்தேன். வெறும் கிட்டார்ல விரல் சரியா அழுத்தலைன்னா சத்தம் அமுங்கிடும், யாருக்கும் தெரியாது. இது அப்படி இல்ல. உரசல், தடவல், தப்பு எல்லாத்தையும் புல்லாங்குழலா மாத்தி ஊளையிடுது. அஞ்சு நிமிஷம் கேட்டேன். அதுக்கு மேல முடியல. அடாப்டரை மாத்திச் சொருகினதும் அதனாலதான்."

"அவகிட்ட சொல்லிடேன்."

"தினமும் காலைல எண்ணெய் தடவி ஒவ்வொரு விரலா நீட்டி விடுறா. எப்படிச் சொல்றது? போர்டு போச்சு, இனிமே ஆகாதுன்னு நீ சொல்லிடுக்கா. நீ சொன்னா நம்புவா."

அன்று சாயங்காலமே அக்கா போனில் அப்படியே சொன்னாள். மறுமுனையில் "சரி அண்ணி," என்று மட்டும் வந்தது. பொய்யை முழுசாக்க அந்த ஒயர்களை மறுபடி வெட்டியிருக்க வேண்டும். கட்டரை எடுத்தாள், வைத்தாள். சரியாக ஓடுகிற சாமானைக் கெடுக்க இருபது வருஷத்தில் அவள் கை பழகவில்லை.

வியாழக்கிழமை ஈயக்கம்பி வாங்கக் கடைக்குப் போய்த் திரும்பினபோது அலமாரி காலியாக இருந்தது.

"பெட்டியைப் பார்க்கணும்னு டிரம்மர் வந்திருந்தாரு," என்றார் அச்சகக்காரர். "சும்மா சொருகிப் பார்த்தேன், எரியுது, அக்காவுக்கே தெரியாம சரியாயிடுச்சு போலன்னு சிரிச்சுக்கிட்டே தூக்கிட்டுப் போனாரு."

அவள் பதறிப்போய்த் தம்பிக்குப் போன் செய்தாள். "இப்பதான் கொண்டுவந்து கொடுத்துட்டுப் போறான்," என்றான் அவன். "விடுக்கா. எத்தனை நாளைக்குத்தான் ஒளிச்சு வைக்கிறது?"

சனிக்கிழமை மத்தியானம் அக்காவும் போனாள். டிரம்மர் ஒரு சின்ன டிரம்மை மட்டும் கொண்டுவந்திருந்தார். தம்பி மனைவி அறை வாசலில் நின்றாள். தடிமனான கேபிளைச் சொருகி, தம்பியே காலால் ஸ்விட்சை அழுத்தினான். விளக்குகள் வரிசையாக எரிந்தன.

மூன்று வருஷம் ஹோட்டலில் முதலில் வாசித்துவந்த மெட்டைத் தொடங்கினான். முதல் நாலு சுரம் நன்றாகவே வந்தது. ஐந்தாவதுக்கு மோதிர விரல் வரவேண்டும். வரவில்லை. பெட்டி ஒரு கீச்சுக் குரலில் கத்தியது. அவன் நிறுத்தவில்லை. மேலே போகப்போக ஒன்றன்மேல் ஒன்றாக ஊளை எழுந்தது. டிரம்மர் தாளத்தை மெதுவாக்கிப் பார்த்தார், இன்னும் மெதுவாக்கினார். கடைசியில் குச்சிகளை மடியில் வைத்தார். தம்பி அதற்குப் பிறகும் இரண்டு வரி வாசித்தான்.

"பழகப் பழக வந்துடும்டா," என்றார் டிரம்மர், தரையைப் பார்த்தபடி. "அடுத்த வாரம் போன் பண்றேன்."

அவர் படியிறங்கின சத்தம் ஓய்ந்ததும் தம்பி தன் மனைவியைப் பார்த்துச் சொன்னான்: "ஒயரை வெட்டினது நான்தான். அக்காவைப் பொய் சொல்ல வச்சதும் நான்தான்."

அவள் வந்து கிட்டாரை அவன் தோளிலிருந்து கழற்றிச் சுவரோரம் வைத்தாள்.

"எட்டு மாசமா அந்த விரலைத் தொடுறது நான்தானே. அது வராதுன்னு எனக்குத் தெரியாதா? உங்களுக்கு நம்பிக்கை இருக்குன்னு நினைச்சுதான் பெட்டியைத் தூக்கிக்கிட்டு அலைஞ்சேன்."

அவன் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். தோள் குலுங்கியது, சத்தம் வரவில்லை.

பெண்கள் இரண்டு பேரும் வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்தார்கள். கீழே யாரோ மாவு மூட்டையை இழுத்துக்கொண்டு போனார்கள். பக்கத்து வீட்டுக் குழாயில் தண்ணீர் வந்தது.

"நீ என் மேல கோவமா?" என்று கேட்டாள் அக்கா.

"இல்ல அண்ணி." தம்பி மனைவி முந்தானையால் எண்ணெய்ப் பிசுக்குப் போகாத விரல்களைத் துடைத்துக்கொண்டாள். "காலைல எழுந்திருக்கவே மாட்டாரு. வாசிக்கணும்ல, கையைக் கொடுங்கன்னு சொல்லித்தான் எழுப்புவேன். நாளைக்கு என்ன சொல்லி எழுப்புறது?"

அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.