இடம் போதாவிட்டால் தனித்தாள் இணைக்கவும்

1

இந்தக் கதை ஒரு படிவத்தில் பிறந்தது. கற்பனை ஊற்றெடுத்து எல்லாம் வரவில்லை. வீடுகளுக்கு ஆள் அனுப்பி வேலை செய்து தரும் நிறுவனம் ஒன்று, தன் ஆளால் எங்கள் வீட்டில் நேர்ந்த சேதத்துக்காக அனுப்பிய படிவம். ஏழாவது கேள்வி: ‘சேதம் எப்படி நேர்ந்தது என்பதை விவரிக்கவும்.’ கீழே ஐந்து கோடுகள். இருபது வருடமாகக் கதை எழுதுகிறவனுக்கு ஐந்து கோடு ஜுஜுபி என்று நினைத்தேன். ஒன்பது நாளாகிறது. பேனா மூடியைக் கடித்து அதன் நுனி தட்டையானதுதான் மிச்சம்.

கையெழுத்திட வேண்டியவள் என் மனைவி. வீடு அவள் பெயரில் இருக்கிறது. “எழுதுறது உங்க வேலை. எழுதிக் குடுங்க, நான் கையெழுத்துப் போடுறேன்” என்று சொல்லிவிட்டாள். படித்துப் பார்த்துத்தான் போடுவேன் என்று அவள் சொல்லவில்லை. அதுதான் உறுத்துகிறது.

2

முதல் தொடக்கம்:

‘சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, அலட்சியமே உருவான ஒரு தச்சர் எங்கள் வீட்டு அழைப்பு மணியை’

அடித்துவிட்டேன். அவர் அலட்சியமானவர் இல்லை. மணிகூட ஒரு தடவைதான் அடித்தார்.

இரண்டாம் தொடக்கம்:

‘சுவர்களுக்கும் நரம்புகள் உண்டு. அவற்றை அறியாத கைகள்’

(நன்றாக இருக்கிறதல்லவா? அதனால்தான் சந்தேகம். எதையாவது மறைக்கும்போதுதான் நான் இவ்வளவு அழகாக எழுதுவேன்.)

மூன்றாம் தொடக்கம்:

‘துளையிடும் முன் அவர்’

இதை முடிக்க வரவில்லை. அப்படியே கிடக்கட்டும்.

3

நடந்தது இதுதான். என் அறையில் புத்தக அலமாரியைச் சுவரில் மாட்ட ஒரு தச்சரை வரவழைத்தோம். துளையிடும் இயந்திரம் சுவருக்குள் ஓடிய தண்ணீர்க் குழாயைப் பதம் பார்த்தது. தண்ணீர் பீறிட்டது. அவர் துளையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு, மெயின் வால்வை மூடச் சொன்னார். அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.* குளியலறைக்கு ஓடினேன், பால்கனிக்கு ஓடினேன். கால் மணி நேரம் அவர் அப்படியே நின்றார். விரலிடுக்கில் கசிந்த தண்ணீர் அவர் முழங்கை வழியாக இறங்கித் தரையில் பரவியது. கடைக்குப் போயிருந்த மனைவி திரும்பி வந்து, பையைக்கூடக் கீழே வைக்காமல், சமையலறைத் தொட்டிக்கு அடியில் கையை விட்டாள். தண்ணீர் நின்றது.

* பதினோரு வருடமாக இதே வீட்டில்தான் இருக்கிறேன். என் கதைகளில் வீடுகள் நுணுக்கமாக வருவதாக ஒருவர் எழுதிய விமர்சனத்தை வெட்டி வைத்திருக்கிறேன்.

தரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மரத்தளம். போட்டது அவள். பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவள், பதினான்கு மாதம், விடுமுறை நாட்களில் மட்டும், முழங்காலில் பழைய தலையணை உறைகளைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு பலகையாக அளந்து அறுத்துப் போட்டாள். நானும் உதவினேன் என்று எழுத ஆசைதான். [தேநீர் போட்டுக் கொடுத்தேன்.] திங்கட்கிழமைக்குள் ஜன்னலோரம் பதினேழு பலகைகள் உப்பி ஓரம் தூக்கிக்கொண்டன. அவள் ஒவ்வொன்றையும் காலால் மிதித்துப் பார்த்தாள். மிதித்தால் படிந்தது, காலை எடுத்தால் எழுந்தது. பிறகு வெளியே போனாள். அதற்குப் பிறகு அந்த அறைக்குள் அவள் வரவே இல்லை.

4

மூன்றாம் தொடக்கத்தை முடித்துவிடுகிறேன்.

துளையிடும் முன் அவர் கேட்டார்.

ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. பழைய விரிப்பு ஒன்றைத் தரையில் விரித்தார். சுவரை விரல் முட்டியால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். பிறகு, “இந்தச் சுவத்துல தண்ணி பைப் எதுவும் ஓடுதா சார்?” என்றார். நான் மேசையில் ஒரு வாக்கியத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்காமலே இல்லை என்றேன். “நிச்சயமா தெரியுமா சார்?” “தாராளமா போடுங்க” என்றேன். அந்தச் சுவரைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. பேச்சு நின்றால் போதும் என்று இருந்தது, வாயில் வந்ததைச் சொன்னேன். குழாய் மாற்றிய வருடம், சுவரைப் பூசும் முன், எந்தக் குழாய் எத்தனை அடி உயரத்தில் ஓடுகிறது என்று அளவுநாடா வைத்து அவள் எடுத்த படங்கள் அந்த மேசையின் இரண்டாவது இழுப்பறையில், என் முழங்காலுக்கு நேர் எதிரே இருந்தன.

வால்வை மூடிவிட்டு வந்தவள் துளையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“இங்க பைப் இருக்கான்னு உங்ககிட்ட கேட்டாரா?”

“கேக்கலையே” என்றேன்.

தச்சர் விரிப்பைப் பிழிந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து என்னை ஒரு தடவை பார்த்தார். மறுபடி பிழிந்தார். பிறகு அவளிடம், “மன்னிச்சுக்கங்கம்மா” என்றார்.

5

இங்கேதான் அந்தத் தச்சர் பாத்திரம் எனக்குப் பிடிபடவில்லை. அவர் ஏன் வாயைத் திறக்கவில்லை?

முதலில் அவரைப் பெருந்தன்மையானவராக எழுதினேன். கிழித்துப் போட்டேன். என் தப்பைச் சுமக்க ஒரு புண்ணியவானைத் தயார் செய்துகொண்டிருந்தேன். அடுத்து பயந்தவராக எழுதினேன்: வாடிக்கையாளரை எதிர்த்துப் பேசினால் வேலைக்கு ஆபத்து. இது பாதி உண்மையாக இருக்கலாம். மூன்றாவதாக ஒன்று தோன்றியது, எழுதவே கூசுகிறது. புருஷன் பெண்டாட்டி நடுவில் நாம் எதற்கு என்று அவர் நினைத்திருக்கலாம். இந்த ஆளுக்கு இதே வழக்கமோ என்னவோ, அந்த அம்மாதான் பாவம் என்று.

(இந்தப் பத்தியை அடிக்க மூன்று தடவை கை போனது.)

6

நேற்று நிறுவனத்திலிருந்து ஒரு பெண் பேசினார். படிவம் இன்னும் வரவில்லையே என்று பணிவாகக் கேட்டார். நான் இழுத்ததும், எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னார்: “கவலைப்படாதீங்க சார். அவர் மேல இது மூணாவது புகார். இதுக்கப்புறம் அவரை எந்த வீட்டுக்கும் அனுப்ப மாட்டோம்.”

நன்றி என்றேன். எதற்கு நன்றி சொன்னேன் என்று போனை வைத்த பிறகுதான் யோசித்தேன். முதல் இரண்டு புகார்களையும் யாரோ ஐந்து கோடுகளில் எழுதியிருப்பார்கள். அவர்களுக்கு எத்தனை நாள் பிடித்ததோ.

ஆக, கேட்கவில்லை என்று எழுதினால், இரண்டு தடவை கேட்ட மனிதருக்கு வேலை போகும். கேட்டார் என்று எழுதினால், அவள் முகத்தைப் பார்த்து நான் சொன்ன பொய் வெளியே வரும். பலகையை மாற்றிவிடலாம். இனி நான் எதைச் சொன்னாலும், இதுவும் அப்படித்தானோ என்று அவள் ஒரு நொடி நிறுத்திக் கேட்பாளே, அதை என்ன செய்வது?

7

முடிவு அ. நான் ஒப்புக்கொள்கிறேன், அவள் சிரித்து மன்னிக்கிறாள். அவளை அவ்வளவு மலிவாக எழுத எனக்கு உரிமை இல்லை.

முடிவு ஆ. தச்சரே திரும்பி வருகிறார். அவரும் அவளும் சேர்ந்து புதுப் பலகை போடுகிறார்கள், நான் தேநீர் போடுகிறேன், எல்லோரும் (போதும்).

முடிவு இ. ஐந்து கோடுகளையும் நிரப்பி அனுப்பிவிடுகிறேன். யாருக்கும் தெரியப் போவதில்லை. இதை எழுத உட்கார்ந்தால் ஒரே மூச்சில் வந்துவிடும். அதுதான் பயமாக இருக்கிறது.

8

ஏழாவது கேள்விக்கு அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருப்பதை இன்றுதான் கவனித்தேன்: ‘இடம் போதாவிட்டால் தனித்தாள் இணைக்கவும்.’ நீங்கள் இதுவரை படித்தது அந்தத் தாள்களைத்தான். கோடுகளில் ‘அவர் இரண்டு முறை கேட்டார், நான் தவறாகச் சொன்னேன்’ என்று எழுதிவிட்டேன். ஒன்றரைக் கோடுதான் பிடித்தது.

நீங்கள் என்று சொன்னாலும், என் கதைகளை முதலில் படிப்பவள் எப்போதும் ஒருத்திதான். கையில் பென்சிலோடு படிப்பாள். நான் பூசி மெழுகிய இடத்தில் ஓரமாக ஒரு கேள்விக்குறி போடுவாள். இரண்டாம் தொடக்கத்தின் பக்கத்தில் இப்போதே போட்டிருப்பாய்.

உன்னிடம் இன்னொன்றையும் மறைத்திருக்கிறேன். சொன்னால் தச்சரும் நானும் பேசிக்கொண்டது தெரிந்துவிடும் என்று இத்தனை நாளாக விழுங்கினேன். அறைக்குள் வந்ததும் அவர் குனிந்து உள்ளங்கையால் தரையைத் தடவினார். “இதை யாரு சார் போட்டது? ஒட்டே தெரியலையே” என்றார். என் மனைவி என்றேன். மூலையில் சுவர் வளையும் இடத்துக்குப் போய், நீ நாலு தடவை அறுத்துப் பார்த்தாயே, அந்தப் பலகையின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார். “எனக்கே இவ்வளவு சுத்தமா வராது சார்” என்றார். பிறகு வெளியே போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்.

கையெழுத்துக்கான இடம் காலியாக இருக்கிறது. பென்சிலையும் பேனாவையும் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.