கீழ் வீட்டுத் தையல் சத்தம்

சைனப்பை அந்த வீட்டிலிருந்து கிளப்பியது நான்தான். இதை என் மனைவி சனோபரைத் தவிர யாரும் என் முகத்துக்கு நேராகச் சொன்னதில்லை. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

தெற்கு மாசி வீதியை ஒட்டிய சந்தில் நாங்கள் மாடியில் குடியிருக்கிறோம். எங்களுக்கு நேர் கீழே, ஒற்றை அறையில் சைனப் தன் மகளோடு இருந்தாள். புருஷன் மவுத்தான பிறகு தையல்தான் பிழைப்பு. ஜாக்கெட், சுடிதார், சேலைக்கு ஓரம் அடிப்பது என்று காலையில் ஆரம்பிக்கும் மெஷின் பொழுது சாய்ந்தால்தான் நிற்கும். துணி கொடுக்கிறவர்கள் எல்லோரும் அதே சந்துக்காரர்கள்.

நான் அரசுத் தேர்வு எழுதுகிறவர்களுக்குக் கணக்கு நடத்துகிறவன். வேலை பார்த்த கோச்சிங் சென்டரை மூடிவிட்டதால் வீட்டிலேயே வீடியோ எடுத்துப் போட ஆரம்பித்தேன். மேஜையில் நிறுத்தி வைக்கிற மைக் ஒன்றை ஆசை ஆசையாக வாங்கினேன். முதல் பாடத்துக்குக் கீழேயே ஒருவன் எழுதினான்: ‘சார், வீட்ல மாவு மில்லு ஓடுதா?’ அதற்கு நாற்பது பேர் சிரித்திருந்தார்கள். எனக்குக் கோபம் எப்போதும் மூக்குக்கு மேலேதான் இருக்கும். அன்று அதையும் தாண்டிவிட்டது.

ஃபேனை நிறுத்தினேன். சித்திரை வெயிலில் வேர்த்து ஊற்றச் சதவீதம் நடத்தினேன். சுவரெல்லாம் போர்வை தொங்கவிட்டேன். பாடம் எடுக்கும்போது குக்கர் வைக்கக் கூடாது என்று சனோபருக்கு உத்தரவு போட்டேன். மைக்கில் சத்தம் கூட்டுகிற திருகை முழுசாகத் திருப்பினால்தான் என் குரல் கேட்டது. கூட்டினால் கீழே ஓடுகிற மெஷினும் கூடவே கேட்டது.

சைனப்பிடம் போய்ச் சொன்னேன். மறுபேச்சுப் பேசாமல் பகலில் மூன்று மணி நேரம் நிறுத்தினாள். ஆனால் கல்யாணத் துணி குவிந்த ஒரு நாள், நடுப்பாடத்தில் மெஷின் ஓடியது. நேராக வீட்டுக்கார ஹாஜியாரிடம் போனேன்.

“ஒண்ணு அந்த மெஷின் இருக்கணும், இல்ல நான் இருக்கணும்.”

பன்னிரண்டு வருஷமாகக் குடியிருக்கும் என்னை அவர் வைத்துக்கொண்டார். சைனப் நாகமலை புதுக்கோட்டைக்குப் போனாள். அவள் சாமான் ஏற்றிய அன்று நான் கதவைச் சாத்திக்கொண்டு பாடம் எடுத்தேன்.

அந்தப் பாடத்திலும் சத்தம் இருந்தது. ஆட்டோ, நாய், எதிர்வீட்டு மிக்ஸி. வேறு வழியில்லாமல், வாடிப்பட்டியில் கல்யாண வீடியோ எடுக்கிற என் சிநேகிதன் இஜாஸைக் கூப்பிட்டேன். வந்தவன் மேஜையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

“மாப்ள, மைக்க எதுக்கு ஜன்னலப் பாக்கத் திருப்பி வச்சிருக்க?”

“கேமரா அந்தப் பக்கம்தான இருக்கு. கம்பெனி பேரு வீடியோவுல தெரியணும்ல.”

“பேரு இருக்குற பக்கம்தான்டா அதுக்குக் காது. இம்புட்டு நாளா நீ அதோட முதுகுகிட்டப் பேசிக்கிட்டு இருந்திருக்க.”

மைக்கை என் பக்கம் திருப்பி, வாய்க்கு ஒரு சாண் தள்ளி வைத்தான். திருகைப் பாதிக்கும் கீழே இறக்கினான். சனோபரை ஜன்னலோரம் மிக்ஸியை ஓட்டச் சொல்லிவிட்டு என்னைப் பேசவைத்தான். பதிவானதைப் போட்டுக் கேட்டோம். என் குரல் கணீரென்று இருந்தது. மிக்ஸி நாலு வீடு தள்ளி ஓடுவது போல் லேசாகக் கேட்டது.

சனோபர் வந்து நின்றாள்.

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். தையல் மெஷினு இதுல பாதிச் சத்தம்கூட இல்லையே.”

அடுத்து எடுத்த பாடத்துக்கு ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை. அதைப் பார்க்கப் பார்க்க வெட்கம் பிடுங்கித் தின்றது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடித்துவிட்டு, சைனப்பைப் பார்க்க பஸ் ஏறினேன். தப்பு என்னுடையது, திரும்பி வந்துவிடு, ஹாஜியாரிடம் நானே பேசுகிறேன். இந்த மூன்றையும் வழியெல்லாம் மனப்பாடம் செய்தேன்.

சைனப் தகரக் கூரை போட்ட ஒரு அறையில், மெஷினுக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள். தைக்கத் துணி எதுவும் இல்லை. என்னைக் கண்டதும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

“வாங்கண்ணே. எம்மக ஒங்க பாடத்தத்தான் பாக்குறா. இப்ப சத்தமே இல்லாம தெளிவா இருக்காம்.” பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். “எம்புட்டுப் புள்ளைங்க படிப்புக்கு இடைஞ்சலா இருந்துட்டேன்னு எனக்கு மனசே ஆறலண்ணே. மன்னிச்சுக்கங்க.”

உண்மையைச் சொன்னால் அவள் கண்ணில் இருக்கிற மரியாதை போய்விடும். மானங்கெட்ட எனக்கு அது வேண்டியிருந்தது.

“பரவாயில்ல தங்கச்சி, விடு” என்றேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நிம்மதியாக எனக்கு டீ போடப் போனாள். அந்த டீயைக் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.