எல்லார் தலையிலும் மஞ்சள்

ஒரகடத்தில் காருக்கு ஒயர் கட்டும் அந்தக் கம்பெனியில் முகத்தை யாரும் பார்ப்பதில்லை, தொப்பியைத்தான் பார்ப்பார்கள். நிரந்தரத் தொழிலாளிக்கு நீலம், டிரெய்னிக்கு மஞ்சள். நாச்சியார் மூன்று வருடமாக மஞ்சள். இதுவரை அவள் கட்டிய ஒயரை நீட்டினால் நிலாவை ஏழு சுற்று சுற்றி, மீதியில் ஊர்த் துணியையெல்லாம் காயப்போடலாம். ஆனாலும் இன்னும் வேலை கற்றுக்கொண்டுதான் இருக்கிறாளாம்!

"மூணு வருசமா என்னத்த சார் படிக்கேன்? டாக்டருக்குப் படிச்சிருந்தா இந்நேரம் ஒங்களுக்கு ஊசி போட்டிருப்பேனே" என்று எச்.ஆர். மேனேஜர் ராஜசேகரிடம் போன வாரம் கேட்டுவிட்டாள். அதோடு நிற்காமல் கம்பெனி ஹாஸ்டல் பெண்களைத் திரட்டி, நிரந்தரம் கேட்டுத் தொழிலாளர் அலுவலகத்தில் மனுவும் கொடுத்தாள்.

அதனால் இன்று காலை ஷிப்டில் அவளை வெளியே அனுப்பப் போகிறார்கள். சேதி கம்பெனி பஸ்ஸுக்கே வந்துவிட்டது. வேலை போனால் ஹாஸ்டலும் போச்சு. பெட்டியைக் கட்டிக்கொண்டு சொந்த ஊர் சங்கரன்கோவிலுக்கு வண்டி ஏற வேண்டியதுதான்.

மணிமங்கலத்து ரகுபதி, நீலத் தொப்பிக்காரன், பின்சீட்டிலிருந்து எழுந்து வந்தான்.

"இன்னா நாச்சியாரு, மூஞ்சி இட்லி குண்டான் மாதிரி வீங்கிக் கீது?"

"போங்கண்ணே. நீலத் தொப்பி, நீங்க சிரிப்பிய."

"அந்த மேனேஜராளுக்கு உன் மூஞ்சி தெரியுமா?"

யோசித்தாள். அவள் சண்டை போட்டபோதுகூட ராஜசேகரின் கண் தொப்பியில்தான் இருந்தது. கழுத்தில் அடையாள அட்டையும் கிடையாது. ஒயரில் மாட்டும் என்று கம்பெனியே தடுத்திருந்தது.

ரகுபதி பஸ் முழுக்கக் குனிந்து குனிந்து என்னவோ சொல்லிக்கொண்டு போனான். டிரெய்னிகள் வந்து வந்து போவதால், தொப்பி அறையில் மஞ்சள் மட்டும் மூட்டை மூட்டையாகக் கிடக்கும்.

ராஜசேகர் ஒயர் கட்டும் லைனுக்குள் வந்தபோது, சங்கரன்கோவில் பக்கத்துச் சூரியகாந்திக் காடே ஒரகடத்துக்கு டிரான்ஸ்பர் வாங்கி வந்ததுபோல் இருந்தது. ஒரு நீலம் இல்லை.

"யாரும்மா நாச்சியார்?"

அவளை நன்றாகத் தெரிந்த சூப்பர்வைசர் மோகன், கூரைக்குள் விமானம் பறப்பதுபோல் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீலமெல்லாம் எங்கய்யா?"

"நாங்களும் கத்துக்கினுதான் கீறோம் சார்" என்றான் ரகுபதி. "முடிய மாட்டேங்குது."

ராஜசேகருக்கு வியர்த்தது. அந்த வியர்வையில் செம்பரம்பாக்கம் ஏரி ஓர் அடி ஏறியிருக்கும். ஒயர் வாங்கும் கார் கம்பெனியின் ஆடிட் ஆட்கள் வாசலில் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். லைன் முழுக்க டிரெய்னி என்று அவர்கள் கண்டால் ஆர்டரே போய்விடும்.

"தொப்பிய மாத்துங்க! சீக்கிரம்!"

நாச்சியார் பேசாமல் நின்றிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அவள் தொப்பியைக் கழற்றிவிட்டு முன்னால் வந்தாள்.

"நாந்தான் சார் நாச்சியாரு. நல்லாப் பாத்துக்கிடுங்க, இதான் என் மூஞ்சி. என்னைய வெளிய அனுப்புனா ஒருத்தரும் தொப்பிய மாத்த மாட்டாக. வாற ஆளுககிட்ட நாங்களே பேசிக்கிடுதோம்."

வாசலில் கண்ணாடிக் கதவு திறந்தது. ராஜசேகர் முதல் முறையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

"நாச்சியார்... லைனுக்குப் போம்மா."

"இன்னைக்கு மட்டுமா சார்?"

"மனு முடியறவரைக்கும்."

"சத்தமாச் சொல்லுங்க."

சொன்னார். லைன் போட்ட கூச்சலில் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் ரயிலே ஒரு நிமிடம் தயங்கியது. நீலக்காரர்கள் தங்கள் தொப்பிக்கு மாறினார்கள்; ரகுபதி மட்டும் பையிலிருந்த தன் நீலத் தொப்பியை எடுத்து அவள் தலையில் வைத்தான்.

சாயங்காலம் பஸ்ஸில் அதைத் திருப்பிக் கேட்டான்.

"எனக்குன்னு ஒண்ணு வரட்டும், தாரேன்" என்றாள்.

"அதுவரைக்கும் நான் இன்னாத்தப் போட்டுக்கறது?"

"மஞ்சள்தான் மூட்டை மூட்டையாக் கெடக்குல்லா, அண்ணே!"