புதன்கிழமை வாசகன்

நல்லவன் என்று பெயர் வாங்கத்தான் நான் மாணவர் சகாய சங்கத்தில் சேர்ந்தேன். வேறு உயர்ந்த காரணம் எதுவும் கிடையாது. 1936-இல் திருவனந்தபுரத்தில் எங்கள் கல்லூரியில் அந்தச் சங்கம் தொடங்கியபோது, அதில் உழைப்பவர்களுக்கு நன்னடத்தைச் சான்றிதழில் ஒரு வரி கூடுதலாக எழுதித் தருவதாகப் பிரின்சிபால் சொன்னார். அந்த ஒரு வரி இருந்தால் சர்க்காரின் தலைமை ஆபீசான ஹஜூர் கச்சேரியில் குமாஸ்தா வேலை நிச்சயம் என்று வலியசாலையில் எங்கள் அக்கிரகாரத் தெரு முழுக்கப் பேச்சு.

எனக்குக் கொடுத்த வேலை, புதன்கிழமை சாயங்காலம் நாலு மணியிலிருந்து ஒரு மணி நேரம் தாசையனுக்குப் பாடப் புத்தகம் வாசிப்பது. தாசையன் விளவங்கோட்டுப் பக்கத்துக் கிறிஸ்தவன். பத்து வயதில் அம்மை வந்து இரண்டு கண்ணும் போயிருந்தது. அவன் சரித்திரம் எடுத்திருந்தாலாவது சரித்திர மாணவனான எனக்கு வாசிக்கச் சுவையாக இருந்திருக்கும். அவன் எடுத்ததோ கணக்கு.

கண் தெரியாதவனைக் கணக்கில் சேர்ப்பதா என்று பெரிய தர்க்கமே நடந்து, கடைசியில் பிரின்சிபால் ஒரு நிபந்தனை போட்டுச் சேர்த்துக்கொண்டார். செலக்ஷன் பரீட்சையில் தேறினால் யூனிவர்சிட்டி பரீட்சைக்கு அனுப்புவார்கள். தேறாவிட்டால் ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டு, ஊருக்குப் போய் அம்மாவோடு உட்கார்ந்து ஓலைப்பெட்டி முடைய வேண்டியதுதான்.

ஆரம்பத்தில் வாசிக்க நாலு பேர் இருந்தோம். இரண்டே மாதத்தில் இரண்டு பேர் கழன்றுகொண்டார்கள். மிஞ்சியது நானும் சனிக்கிழமை வரும் ஸ்ரீகண்டனும். ஒருவர் விட்ட இடத்தில் சிவப்புச் சீட்டு ஒன்றைச் செருகிவிட்டு, சங்கத்தின் ரிஜிஸ்தரில் பக்க எண் போட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும். அடுத்தவர் சீட்டு இருக்கும் இடத்திலிருந்து தொடங்குவார்.

எங்கள் வீட்டில் எதையும் மூச்சு விடாமல் பாராயணம் செய்துதான் பழக்கம். ஜியோமெட்ரியையும் நான் அப்படியே ஓட்டினேன். ஒரு வரி எனக்குப் புரிந்ததில்லை. தாசையன் ஒரு தடவைகூட நிறுத்தச் சொன்னதில்லை, திரும்ப வாசிக்கச் சொன்னதும் இல்லை. என் வாசிப்பு அவ்வளவு தெளிவு போலிருக்கிறது என்று எனக்கு உள்ளூரப் பெருமைகூட உண்டு.

மாசி மாதத்தில் ஒரு புதன்கிழமை பிரதமை திதி வந்தது. பிரதமையன்று எங்களவர்கள் பாடம் படிக்க மாட்டார்கள். அன்று படித்தது மனதில் நிற்காது என்பார்கள். மற்ற பிரதமைகளில் நான் வகுப்புக்குப் போய்க் குறிப்பு எடுத்தவன்தான். அன்று மட்டும் எனக்கு ஆசாரம் பொங்கிக்கொண்டு வந்ததற்குக் காரணம், பழவங்காடியில் யாரோ கொண்டுவந்திருந்த புது கிராமபோன்.

"தாசையா, இன்னிக்குப் பிரதமை. புஸ்தகத்தைத் தொடப்படாது. அப்புறமா பாத்துக்கலாம்" என்றேன்.

"சரி சாமி" என்றான்.

அத்தோடு போயிருந்தால்கூடத் தேவலை. ரிஜிஸ்தரில் அன்றைக்கு இடம் காலியாக இருந்தால் சான்றிதழ் வரிக்கு ஆபத்து. ஆகவே சிவப்புச் சீட்டை நாலு பக்கம் தள்ளிச் செருகி, வாசித்ததாகக் கையெழுத்துப் போட்டேன். அந்தப் பக்கங்களின் தலைப்பை மட்டும் ஒரு பார்வை பார்த்தேன். அடுத்த வாரம் வாசித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக. அடுத்த வாரம் அது எனக்கு ஞாபகமே இல்லை. தாசையனும் கேட்கவில்லை.

செலக்ஷன் பரீட்சையில் தாசையன் சொல்வதை எழுத, கணக்கு தெரியாத ஒருவன் வேண்டும் என்றார்கள். தெரிந்தவன் என்றால் விடையைத் திருத்திவிடுவானாம். அந்தத் தகுதி என்னைவிட யாருக்கு இருக்கிறது? தனி அறையில் எங்கள் இருவரையும் உட்கார வைத்தார்கள். கேள்வித் தாளைப் பிரித்தேன். இருபது மார்க்குக் கட்டாயக் கேள்வி, நான் தாண்டிப் போன அதே தலைப்பு.

கேள்வியை வாசித்தேன். ஒரு கோட்டிலிருந்தும் ஒரு புள்ளியிலிருந்தும் சம தூரத்தில் ஓடும் வளைவு. அதைத் தொட்டுச் செல்லும் கோடு, தொடும் இடத்திலிருந்து அந்தப் புள்ளிக்கும் அந்தக் கோட்டுக்கும் போகும் இரண்டு கோடுகளோடும் சம கோணம் செய்கிறது என்று நிரூபிக்க வேண்டும். வளைவு இன்னது என்பது அதற்கு முந்தின பக்கத்திலேயே வாசித்தாகியிருந்தது. நிரூபணத்தை யாருமே வாசிக்கவில்லை.

தாசையன் மேஜை விளிம்பை விரலால் தடவினான். பிறகு, "எழுதாத தாள் ஒண்ணு தாருங்க சாமி" என்றான்.

பேனா முள்ளை வாங்கித் தாளின் நடுவில் ஒரு துளை போட்டான். தாளின் அடி ஓரத்தில் ஓர் இடத்தைத் தூக்கி அந்தத் துளையின்மேல் சரியாக வைத்து மடித்து, நகத்தால் அழுத்தினான். விரித்தான். ஓரத்தில் சற்றுத் தள்ளி இன்னோர் இடம், மறுபடியும் துளைமேல் வைத்து மடிப்பு. ஓலை முடைகிறவர்களின் விரல் அது, ஒரு நூல்கூடப் பிசகவில்லை. இருபது முப்பது தடவை மடித்திருப்பான். கடைசியில் தாளை விரித்து மேஜைமேல் நீவிவிட்டான்.

நான் பார்த்தேன். மடிப்புகள் எல்லாம் நேர்கோடுகள். ஆனால் அவற்றுக்கு நடுவே, யாரும் வரையாத ஒரு வளைவு, துளையைச் சுற்றி அழகாகக் குனிந்து நின்றது. புத்தகத்தில் நூறு தடவை கண்ணில் பட்ட அதே படம். எனக்கு உடம்பு சிலிர்த்தது. கோவிலில் தீபாராதனையின்போதுகூட நான் அப்படி நின்றதில்லை. கண் உள்ள நான் வாயைப் பிளந்துகொண்டிருக்க, அவன் கட்டைவிரலால் அந்த வளைவைத் தடவிப் பார்த்துத் தலையாட்டினான்.

"எழுதுங்க" என்றான். இங்கிலீஷில் பதினோரு வரி சொன்னான். துளைதான் புள்ளி, தாளின் ஓரம்தான் கோடு. மடிப்பின் ஒரு பக்கம் மறு பக்கத்தின்மேல் அப்படியே படிகிறது, ஆகவே கோணங்கள் சமம். மடிப்பு வளைவை ஓர் இடத்தில்தான் தொடுகிறது, மற்ற இடமெல்லாம் வெளியே, ஆகவே அதுதான் தொடுகோடு. ஆயுளில் முதல் தடவையாக எனக்குக் கணக்கு புரிந்தது.

மூன்றாம் நாள் கணக்கு ஆசிரியர் நாகேஸ்வரன் எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார். "புஸ்தகத்துல ரெண்டு பக்கம் வரது. இது அந்த வழியே இல்லையே. யாருடா சொல்லித் தந்தா?" என்று என்னைப் பார்த்து உறுமினார். காப்பி அடித்ததாக முடிவு செய்துவிட்டால் தாசையன் அன்றே மூட்டை கட்ட வேண்டும்.

"யாரும் இல்ல சார். அந்தப் பக்கத்தை நான் அவனுக்கு வாசிக்கவே இல்ல. பொய்க் கையெழுத்துப் போட்டேன்" என்று சொல்லிவிட்டேன். சான்றிதழ் போயிற்று.

ஆசிரியர் தாசையனிடம் ஒரு தாளை நீட்டினார். அவன் மடிக்க மடிக்கப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அவரே இன்னொரு தாளை எடுத்து, சின்னப் பையன் மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டு மடித்தார். விரித்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இருபது வருஷமா இதைப் போர்டுல போடறேன். இன்னிக்குத்தான் பாக்கறேன், கேட்டியோ" என்றார். இருபதுக்கு இருபது போட்டார். தாசையன் தேறிவிட்டான்.

வராந்தாவுக்கு வந்ததும் கேட்டேன். "நான் நாலு பக்கத்தை முழுங்கினது உனக்குத் தெரியுமோல்லியோ? ஏன் கேக்கல?"

அவன் சொன்னான். "திங்கக்கிழமை வந்தவருகிட்ட ரெண்டு வரிய திருப்பி வாசிக்கச் சொன்னேன் சாமி. பொறவு அவரு வரல்ல. வெள்ளிக்கிழமைக்காரரும் அப்பிடித்தான். அதுக்குப் பொறவு யாருகிட்டயும் ஒண்ணும் கேக்கப்பிடாதுன்னு வச்சுக்கிட்டேன். புரியாததயெல்லாம் ரூம்ல போயி மடிச்சு மடிச்சுப் பாப்பேன்."

எனக்கு முகத்தில் அடித்தது போல் இருந்தது. அழுகையும் வந்தது, மறைக்கவில்லை. அவனால்தான் பார்க்க முடியாதே என்று நினைத்தேன், அவன் என் தோளைத் தொட்டான்.

அன்றைக்கு என்ன கிழமை, என்ன திதி என்று நான் யோசிக்கவில்லை. புத்தகத்தை வாங்கி வந்து அந்தப் பக்கத்தைப் பிரித்து வாசிக்க ஆரம்பித்தேன். இரண்டாவது வரியில் அவன் விரல் லேசாக மேலே எழுந்து, பிறகு இறங்கிவிட்டது. நான் நிறுத்தினேன். காத்திருந்தேன்.

"இன்னொருக்கா வாசிங்க சாமி" என்றான் மெதுவாக.

வாசித்தேன். மறுபடியும் கேட்டான். மறுபடியும் வாசித்தேன். அன்று ஒரு மணி நேரத்தில் அரைப் பக்கம்தான் முடிந்தது.