பிற்பகலில் இடியுடன் கூடிய மழை

மாசி மாதக் கடைசியில் தொலைக்காட்சியில் கோடைக்கான வானிலை அறிக்கை வாசித்தார்கள். மேற்கு மலைப் பகுதிகளில் பகல் வெப்பம் வழக்கத்தைவிடக் கூடுதலாக இருக்கும், பிற்பகலில் ஆங்காங்கே இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும் என்றார்கள். மங்கலத்தில் ஒரு வீட்டுக் கூடத்தில் மூன்று பேர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் பாதியைக் கேட்டார்கள். ஒருத்தி முழுசையும் கேட்டாள். கதை இவ்வளவுதான், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

பாதியைக் கேட்டவர்களில் ஒருவர் தண்டாயுதபாணி. பெரிய பனியன் கம்பெனி முதலாளி, வீட்டுக்கும் மூத்தவர். "மலையிலயே கொளுத்தப் போகுதுன்னா இந்த வருசம் அரைக்கை டி-ஷர்ட்டுதான் போகும்" என்று தீர்ப்பு எழுதிவிட்டார். தம்பி முருகவேல் தலையை ஆட்டினான். அண்ணன் எது சொன்னாலும் ஆட்டிப் பழகிய தலை அது.

முழுசையும் கேட்டவள் முருகவேலின் மனைவி சண்முகப்பிரியா. கணவனும் மனைவியும் சின்னதாக ஒரு ஷெட் போட்டு, கொடைக்கானல் ஏரிக்கரைக் கடைகளுக்குத் துணி தைத்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கோடை சீசன்தான் அவர்களுக்குச் சோறு.

"மாமா, கீழ வெயில் கொளுத்துனாத்தானுங்க சனம் மலைக்கு ஓடும்" என்றாள். "வெயிலுக்குப் பயந்து ஓடற சனம் ஸ்வெட்டரையா எடுத்து வெக்கும்? மெல்லுசா ஒண்ண மாட்டிட்டுப் போயி நிக்கும். மத்தியானத்துக்கு மேல மழை புடிச்சா என்னத்தப் போர்த்துமுங்க? நான் ஃப்ளீஸ் துணியில தலைக்குத் தொப்பி வெச்ச ஹூடிதானுங்க தைக்கப் போறேன்."

"ஏனம்மிணி, சித்திரை மாசத்துல கம்பளி விக்கப் போறியா?" தண்டாயுதபாணி வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். "செரி, செய்யி. ஆனா சீசன் கைவிட்டுச்சுன்னா ஷெட்ட மூடிட்டு, மிஷினெல்லாம் நம்ம கம்பெனிக்கே கொண்டாந்துருங்க. முருகவேலு சூப்பர்வைசரா இருக்கட்டும். நீ செக்கிங் டேபிளப் பாத்துக்க."

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். பிரியாவுக்கு அது கூடுதலாக உறைத்ததும் அதனால்தான். கல்யாணத்துக்கு முன்னால் ஊரார் கம்பெனியில் தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் டேபிளில் நின்று நின்று கால் வீங்கியவள் அவள். இன்று அவள் தைக்கும் ஒவ்வொரு உடுப்பின் கழுத்திலும் அவள் பெயர் போட்ட லேபிள் இருந்தது. அதை விட்டுவிட்டு மறுபடியும் அந்த மேஜைக்குப் போக அவளால் முடியாது.

"செரிங்க மாமா" என்று ஒப்புக்கொண்டாள்.

ஃப்ளீஸ் என்பது உள்பக்கம் பஞ்சுபோல மெத்தென்று இருக்கும் கனத்த பின்னல் துணி. பங்குனி வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் அதை மடியில் போட்டுத் தைப்பது என்பது, அடுப்பைக் கட்டிக்கொண்டு வேலை பார்ப்பதுதான். வியர்த்த கழுத்தெல்லாம் பஞ்சு ஒட்டியது. டெய்லர்கள் முணுமுணுத்தார்கள். எதிர் டீக்கடையில், "ஏனுங்ணா, ஆர்டரு இமயமலைங்களா?" என்று கேட்டு முருகவேலின் மானத்தைத் தினமும் வாங்கினார்கள். பிரியா தைத்து முடித்த ஹூடிகளை மூட்டை கட்டிக்கொண்டே இருந்தாள்.

சித்திரை பிறந்தது. மழை வரவில்லை. ஏரிக்கரையில் கடை வைத்திருக்கும் மருதாள், கணியூரிலிருந்து மலைக்கு வாழ்க்கைப்பட்டவள், போனில் அழாத குறையாகச் சொன்னாள். "வெயிலு காயுது கண்ணு. ஹூடியத் தொட்டுப் பாக்கக்கூட ஆளில்ல. உங்க மச்சாண்டார் அனுப்புன அரைக்கைதான் பறக்குது."

பிரியாவுக்குப் பயமே வரவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் தன் கணக்கு தப்பு என்று மட்டும் அவளுக்கு ஒருபோதும் தோன்றவில்லை. மலைமேல் அத்தனை வெயில் காய்ந்தால் அது மேகமாகத் திரளாமல் எங்கே போய்விடும்? இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு வந்துதானே ஆகவேண்டும்.

அதற்குள் தண்டாயுதபாணியின் ஆள் வந்து, மிஷின்களை எப்படி ஏற்றுவது என்று ஷெட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனான்.

"திங்கக்கிழம அண்ணன் லாரி அனுப்பறாராம்" என்றான் முருகவேல், தரையைப் பார்த்தபடி.

"வரட்டுமுங்க. நடுவுல சனிக்கிழமை இருக்குதல்லங்க. மூட்டையெல்லாம் வண்டியில ஏத்துங்க. மேல போயி நாமளே நின்னு விப்போம்."

குட்டியானை வண்டி தாராபுரம் வழியாகப் பழனி போய் மலையேறியது. முருகவேல் வேண்டுமென்றே அண்ணன் கம்பெனி அரைக்கையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். ஒரு ஹூடியை மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னாள் பிரியா. "எனக்கென்ன குளிரப் போகுது" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பாவம், அவனுக்கு அந்த ஒரு வீம்புதான் மிச்சம் இருந்தது.

ஏரிக்கரையில் வெயில் பளீரென்று அடித்தது. தேர்க்கூட்டம். கண்ணுக்கு எட்டியவரை அரைக்கைகள், மெல்லிய சுடிதார்கள், பனியன்கள். "பாத்துக்க" என்று முருகவேல் கையை நீட்டிக் காட்டினான்.

பிரியா பார்த்தாள். அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. "பாத்தனுங்க. இத்தன பேரும் இன்னைக்கு நனையப் போறாங்க."

அவள் மூட்டைகளை அவிழ்த்து மருதாளின் கடையில் அளவு வாரியாக அடுக்கி முடித்தபோது, மலைக்குப் பின்னாலிருந்து மேகம் ஏறியது. சட்டென்று வெளிச்சம் போனது. ஓர் இடி. அடுத்து ஆலங்கட்டி, கடைத் தகரத்தின்மேல் கல்லை வாரிக் கொட்டியதுபோல. ஏரிக்கரைக் கூட்டம் மொத்தமும் கடைகளை நோக்கி ஓடி வந்தது. ஆலங்கட்டிக்குப் பின்னால் மழை, மழைக்குப் பின்னால் எலும்பில் ஏறும் குளிர்.

அப்புறம் யாரும் விலை பேசவில்லை. "எதாச்சும் குடுங்க" என்று கைகள்தான் நீண்டன. மருதாள் எடுத்துக் கொடுக்க, பிரியா காசு வாங்க, முருகவேல் பற்கள் கடகடவென்று அடித்துக்கொள்ள நடுவில் நின்றான்.

"ஒண்ண மாட்டுங்க" என்று பிரியா ஒரு ஹூடியை அவன்மேல் எறிந்தாள். மாட்டினான். உடம்பில் சூடு ஏறியதும் அவனுக்கு வாயும் திறந்தது. "வாங்க வாங்க, உள்ள பஞ்சு வெச்சது, போட்ட ஒடனே குளிரு ஓடிப்போகும்" என்று கூவத் தொடங்கினான். இத்தனை வருடத்தில் அவன் குரலை இவ்வளவு சத்தமாகப் பிரியா கேட்டதில்லை. சந்தோஷத்தில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

மழை விட்டபோது கடையில் ஒன்றுகூட மிச்சமில்லை. அப்போது கரூர்ப் பக்கத்துப் பெண்ணொருத்தி தலை சொட்டச் சொட்ட வந்து நின்றாள், நடுக்கத்தில் பேச்சே வரவில்லை. "தீந்து போச்சுங்க" என்றான் முருகவேல். அவள் பார்வை அவன் மார்பில் இருந்த ஹூடியிலேயே நின்றது. அவன் பிரியாவைப் பார்த்தான். ஹூடியைக் கழற்றி நீட்டினான். "சூடாவே இருக்குதுங்க, போட்டுக்கங்க."

அண்ணனின் போன் வந்தது. விரல்கள் விறைத்திருந்ததால் ஸ்பீக்கரில் போட்டான்.

"ஏண்டா, லாரிய திங்கக்கிழம காலையிலயே அனுப்பிரட்டுமா?"

"அனுப்புங்ணா. மிஷின் ஏத்தறதுக்கு இல்லீங்க. ஏரிக்கரைக் கடைக்காரங்களுக்கு வைகாசி முடிய ஹூடி வேணுமாம், எங்க ஷெட்டு பத்தாது. துணிய வெட்டி ஏத்தி உடறோம், உங்க தையல் லைன் ரெண்டுல தெச்சுக் குடுக்கோணுமுங்க."

தண்டாயுதபாணி மெல்லக் கேட்டார். "கழுத்துல எந்த லேபிளுடா?"

முருகவேல் தும்மினான். தலையை ஆட்டவில்லை.

"பிரியா லேபிளுதானுங்ணா."

பிரியா, மூட்டை கட்டி வந்த கோணி ஒன்றை உதறி எடுத்து அவன் தோளில் போர்த்திவிட்டாள்.