செட்டியார் விழுந்த சாயங்காலம்

என் உயிரின் விலை எழுநூறு ரூபாய். நானே பேரம் பேசிக் குறைத்த விலை.

பரணில் ஓடும் பழைய ஒயரை மாற்ற மிஸ்திரி ஆயிரத்தைந்நூறு கேட்டார். கரண்ட் போனால் எதிர் வீட்டு இன்வெர்ட்டருக்கு மாற்றிவிடும் சேஞ்ச் ஓவர் ஸ்விட்சும் அதில் அடக்கம். எண்ணூறு என்றேன். லேக் மார்க்கெட்டில் அப்பளமும் காப்பிப்பொடியும் விற்கிற இந்த மருதமுத்து முதல் விலைக்கு ஒப்புக்கொண்டால் தூக்கம் வராது. அவர் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். கூப்பிடுவேன் என்று அவர் நினைத்தார். திரும்பி வருவார் என்று நான் நினைத்தேன்.

அந்த ஸ்விட்சின் வேலையை எங்கள் வீட்டில் என் மனைவி பிரபா செய்துகொண்டிருந்தாள். எதிர் ஃப்ளாட் ஷபானா, கீழக்கரைக்காரி, இன்வெர்ட்டர் வைத்திருக்கிறாள். மாதம் முந்நூறு பேசி, இரண்டு முனையிலும் பிளக் மாட்டிய ஒரு நீள ஒயரை இரண்டு வீட்டுக்கும் நடுவே இழுத்துவிட்டிருந்தேன். கரண்ட் போனால் பிரபா மெயினை இறக்குவாள், இந்த முனையை மிக்சி பாயிண்டில் சொருகுவாள், ஷபானாவுக்குக் குரல் கொடுப்பாள். அவள் அந்த முனையைச் சொருகியதும் வீடு முழுக்கக் கரண்ட் பாயும். இன்வெர்ட்டர் வாங்காமலே இன்வெர்ட்டர் வைத்திருப்பவன் என்று கடையில் பெருமையடித்துக்கொள்வேன்.

அன்று பிரபா பாலிகஞ்சில் தையல்காரரிடம் போயிருந்தாள். மிஸ்திரி நாளைக்கு வருகிறார், நான் கடைக்குப் போகிறேன் என்று அவளிடம் சொல்லி அனுப்பிவிட்டு, வேலையை நானே தொடங்கினேன். மிச்சம் பிடித்த கதையைச் சாப்பாட்டு நேரத்தில் சொல்லி அசத்துவதாக உத்தேசம். மெயினை இறக்கினேன், அந்த அளவுக்குப் புத்தி இருந்தது. ஏணி போட்டு, குளியலறைக்கு மேலிருக்கும் பரணுக்குள் தலையை முன்னால் விட்டு நுழைந்தேன். தகர டிரங்குப் பெட்டிமேல் குப்புறப் படுத்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, பழைய ஒயரை வெட்டி முனைகளைச் சீவினேன்.

அப்போது காற்று புரண்டது. சித்திரையில் ஊரையே உலுக்கிப்போடும், வங்காளிகள் கால்பொய்ஷாகி என்று சொல்லும் புயல். ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் மழை அறைந்தது. கீழ்வீட்டு டிவி பாதிச் செய்தியில் நின்றது. தெருவுக்கே கரண்ட் இல்லை. மெயினும் இல்லை, தெருவிலும் இல்லை, இரட்டைப் பூட்டு என்று எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் டார்ச் நழுவிப் பெட்டிக்குப் பின்னால் விழுந்து அணைந்தது. சீவிய ஒயர்கள் கையைவிட்டுச் சுருண்டு எங்கோ போயின.

கும்மிருட்டு. பின்பக்கமாக நகரப் பார்த்தேன். சட்டை பெட்டிக் கொண்டியில் மாட்டிக்கொண்டது. இழுக்க இழுக்க இறுகியது. சரி, மழை விடட்டும் என்று கிடந்தேன்.

வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிரபா.

அவள் வந்து சேர்ந்த சந்தோஷம் ஒரு மூச்சுதான் நின்றது. கரண்ட் போனால் அவள் என்ன செய்வாள் என்பது மறு மூச்சில் ஞாபகம் வந்தது. நான் இறக்கிய மெயின் தெருக் கரண்டைத்தான் தடுக்கும். மிக்சி பாயிண்டில் நுழையும் கரண்ட் நேரே பரணுக்கு வரும். சீவிய முனைகள் வயிற்றுக்கடியில் இருக்கின்றனவா, காதோரம் இருக்கின்றனவா தெரியவில்லை. சட்டை வியர்வையில் ஊறிப்போயிருந்தது. அடியில் தகரம்.

கத்தினேன். வாய் சுவரைப் பார்த்திருந்ததால் குரல் எனக்கே திரும்பி வந்தது. மெயின் இறங்கியிருப்பதைப் பார்த்து, இன்றைக்காவது பொறுப்பாக அணைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று என்னை மெச்சினாளாம். பிறகு சொன்னாள். அப்போது எனக்குக் கேட்டது அவளுடைய மார்க்கெட் குரல் மட்டும்தான்.

"ஷபானா, சொருகிட்டேன். நீ போடும்மா."

பதில் இல்லை. மஃரிப் நேரம், தொழுகையில் இருப்பாள். அது முடியும்வரை எனக்கு ஆயுள்.

கை அசைக்கப் பயம். அசைக்க முடிந்தது பரண் வாசல் பக்கம் நீட்டியிருந்த கால்தான். நான் நுழைய இடைஞ்சல் என்று கொலுப் பொம்மைகளை அந்த விளிம்போரமாகத்தான் ஒதுக்கியிருந்தேன். கட்டைவிரலில் வழவழவென்று பட்டுத்துணி பட்டது. மற்ற பொம்மைகளுக்குச் செய்தித்தாள், பட்டு ஒன்றுக்குத்தான். பிரபா பிறந்த வருஷம் அவள் அப்பா விளாச்சேரியில் வாங்கிய செட்டியார். அரிசி, பருப்புக் குவியலோடு கடை விரித்து உட்கார்ந்திருப்பவர். கொலுப்படியில் அவருக்குப் பக்கத்தில் சம்சாரம், தனிப் பொம்மை. வேறு பொம்மை எட்டுகிறதா என்று துழாவினேன். எட்டவில்லை.

"இதோ வர்றேன்க்கா," என்று ஷபானாவின் குரல் கேட்டது.

உதைத்தேன்.

அவ்வளவு சின்ன மனுஷர் அவ்வளவு பெரிய சத்தம் போடுவார் என்று நான் நினைக்கவில்லை.

"ஷபானா, போடாத. உள்ள யாரோ இருக்காங்க."

செல்போன் வெளிச்சம் என் காலடியில் வந்து நின்றது. இப்போது அவள் ஏணிக்கடியில் இருந்ததால் என் குரல் எட்டியது.

"நான்தான்."

"நான்தான்னா யாரு?"

"உன் புருஷன்."

"அவரு கடையிலல்ல இருக்காரு."

"பிரபா, ரெண்டு பக்கமும் பிடுங்கி, அந்த ஒயரச் சுருட்டிக் கொண்டாந்து என் உள்ளங்கால்ல வை."

நான் சரக்கைத் தொட்டுப் பார்க்காமல் நம்புகிறவன் இல்லை. சில்லென்று ரப்பர் சுருள் காலில் பட்ட பிறகுதான் சட்டையைக் கிழித்துக்கொண்டு இறங்கினேன். ஷபானா வாசலில் நின்று, அண்ணன் இனி மாதம் முந்நூறை ஒயருக்குத் தரவேண்டாம், தொழுகைக்குத் தரலாம் என்று சிரித்தாள். பிரபா சிரிக்கவில்லை. தரையில் உட்கார்ந்து, செட்டியாரை முந்தானையில் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மிஸ்திரியைக் கூப்பிட்டேன். இரண்டாயிரம் என்றார். வாயைத் திறக்காமல் கொடுத்தேன். வேலையை முடித்துவிட்டு அந்த இரட்டைப் பிளக் ஒயரைத் துண்டு துண்டாக வெட்டிப்போட்டார்; அதற்குக் காசு வாங்கவில்லை.

நவராத்திரியில், வங்காளிகளின் பூஜோவுக்குத் தெருவெல்லாம் பந்தல் எழுந்தபோது எங்கள் வீட்டில் பிரபா கொலு வைத்தாள். செட்டியாரம்மா தனியாக உட்கார்ந்திருந்தாள். புதுச் செட்டியார் வாங்கித் தருகிறேன் என்றேன், வேண்டாம் என்றாள். சரி, கணக்கையாவது முடிப்போம் என்று சொல்லிப் பார்த்தேன்: செலவு ஒரு செட்டியார், வரவு ஒரு மருதமுத்து, ஆளுக்கு ஆள் நேர்.

பிரபா விளக்குத் திரியைத் தூண்டிவிட்டுச் சொன்னாள்: "செட்டியாரு கடையில இருக்கேன்னா கடையிலதான் இருப்பாரு. பாக்கி இருக்குங்க."